எந்தக் குளம் முதலில்? ஊரார் சொல்ல வேண்டிய பதில்
(வாசகர் கேள்வி – பதில்)

நகரங்களின் நீர்நிலைகளையும் குப்பைக் கிடங்குகளையும் பற்றி அண்மையில் எழுதியவற்றைப் படித்த வாசகர்கள் பலர், சுற்றுச்சூழல் பணிகளில் எதை முதலில் எடுப்பது, அதை யார் தீர்மானிப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கான பதில்களை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் நகராட்சியில் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான சுற்றுச்சூழல் பணிகளை முன்னுரிமைப்படி பட்டியலிட நினைத்து, ஒரு திருமண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினோம். மிகச் சிலரே வந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்களும் வணிகர்களும்தான். பேசியதெல்லாம் சாக்கடையும் கொசுவும். மக்களுக்குச் சூழலில் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வதா?
— நகர்மன்ற உறுப்பினர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். சாக்கடையைப் பற்றிப் பேசியவர்கள் சூழலைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். காவிரிப் படுகை ஊர்களில் இன்று சாக்கடை என்று நாம் சொல்லும் பல கால்வாய்கள் ஒரு காலத்தில் பாசன வாய்க்கால்களாகவோ கோயில் குளத்துக்கு நீர் கொண்டுவந்த வரத்துக் கால்வாய்களாகவோ இருந்தவை. ‘எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது’ என்று ஒருவர் சொன்னால், அது எங்கிருந்து வருகிறது, முன்பு எங்கே போய்ச் சேர்ந்தது, எந்த ஆண்டிலிருந்து நிற்கத் தொடங்கியது என்று மேலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். தூர்ந்துபோன ஒரு கண்மாய்ப் பாலமோ, கடைகளுக்கு அடியில் மறைந்துபோன ஒரு மடையோ வெளியே வரும். உங்கள் பட்டியலின் முதல் வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வராதவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் தூய்மைப் பணியாளரும் மீன் விற்கும் பெண்ணும் வீட்டு வேலைக்குச் செல்பவரும் எப்படி வருவார்கள்? ஊரில் எந்த மூலையில் இரவோடு இரவாகக் கழிவு கொட்டப்படுகிறது என்பதைத் தூய்மைப் பணியாளரைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவரும் இல்லை. எந்தத் தெருவின் ஆழ்குழாய் எந்த மாதத்தில் உப்பேறுகிறது என்பதைத் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் சொல்வார்கள். ஆகவே, கூட்டத்துக்கு மக்களை அழைப்பதற்கு முன், கூட்டத்தை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழக்கமாகக் கூடும் நாளில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். நியாய விலைக் கடை வாசல், மீன் சந்தை, பள்ளிகளின் பசுமைப் படை மாணவர்கள் என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகச் செல்லுங்கள்.

செல்லும்போது வெறும் படிவத்தை எடுத்துச் செல்லாமல் ஊரின் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். வருவாய்த் துறையின் புலப்படத்திலும் நில விவரங்களைக் கொண்ட அ-பதிவேட்டிலும் நீர்நிலைப் புறம்போக்கு என்று குறிக்கப்பட்டிருப்பவற்றை நீல மையில் தீட்டிவிட்டுத் தரையில் விரித்தால், சுற்றி அமர்பவர்கள் தாங்களாகவே அதன்மேல் விரல் வைக்கத் தொடங்குவார்கள். முதியவர் ஒருவர் படத்தில் இல்லாத ஒரு வாய்க்காலைக் காட்டுவார்; பக்கத்தில் இருப்பவர் அது இந்தப் பக்கம் வளையும் என்று மறுப்பார். அந்த வாக்குவாதத்தை நிறுத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு அந்த வழியே நடந்துபோய்ப் பாருங்கள்.

பிறகுதான் வரிசைப்படுத்துவது. ஊரகப் பங்கேற்பு ஆய்வுகளில் நீண்ட காலமாகப் பயன்பட்டுவரும் எளிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பணிக்கும் ஒரு படம் வரைந்த அட்டையைத் தரையில் வைத்து, வந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, எந்தப் பணி எவ்வளவு முக்கியமோ அத்தனை கொட்டைகளை அதன்மேல் வைக்கச் சொல்வதுதான் அது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மேடையில் பேசக் கூசுபவரும் இதில் சமமாகப் பங்கேற்க முடிகிறது. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு அட்டையின் அருகிலும் அந்தப் பணிக்கு ஏறத்தாழ எவ்வளவு செலவாகும், நகராட்சியிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும். முன்னுரிமை என்பது சிலவற்றைப் பின்னுக்குத் தள்ளுவதும்தான். பணத்தை மறைத்துவிட்டு விருப்பத்தை மட்டும் கேட்டால் அந்தத் தள்ளிவைக்கும் முடிவை அலுவலகம் தனியாக எடுக்கும்; தங்களை வெறுமனே கேட்டுவிட்டுப் போனார்கள் என்ற கசப்பு மக்களிடம் தங்கும்.

கேள்வி: இப்படிக் கலந்துகொள்ள எங்களுக்குச் சட்டப்படி உரிமை ஏதேனும் உண்டா, அல்லது அலுவலர்கள் மனம் வைத்தால்தான் நடக்குமா?
— ஆசிரியை ஒருவர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் பழக்கம்தான் இன்னும் வேரூன்றவில்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் குறிப்பிடுகிறது. நகர்ப்புறக் காடு வளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதைப் போல நகரங்களுக்கு ஏதும் இல்லை என்ற குறை நெடுங்காலம் இருந்தது. 2022-இல் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வெளியாகி, அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. வார்டு உறுப்பினரின் தலைமையில் கூடும் இந்தச் சபைகளில் உங்கள் பகுதியின் தேவைகளைச் சொல்லி, வரிசைப்படுத்தி, பதிவு செய்ய வைக்கலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு வழி, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். அதன் 41-ஆவது பிரிவின்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது உள்ளூர் மக்களைக் கேட்டு ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் குழு தாளில் மட்டும் இருக்கிறது. பதிவேட்டையோ வெளியூர் நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறது. உங்கள் நகராட்சியில் அதைப் பார்க்கக் கேளுங்கள். உங்கள் ஊர்க் குளத்துக்கு வரும் பறவைகளும் கரையிலுள்ள பழைய மரங்களும் அதில் இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

இதன் பலனை மதுரை மாவட்டம் காட்டியது. மேலூரை அடுத்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் குன்றுகளும் நீர்நிலைகளும் அடங்கிய 193 ஹெக்டேர் நிலப்பரப்பு 2022 நவம்பரில் அதே சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிவானபோது, சுற்றுவட்டாரக் கிராம சபைகள் வரிசையாக எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. மக்கள் வீதிக்கு வந்தார்கள். சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. எதைக் காக்க வேண்டும் என்பது முன்கூட்டியே பதிவாகி இருந்ததால்தான் அந்த மக்களால் அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்தது என்று கருதுகிறேன்.

கேள்வி: நான் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவன். நீர்வரத்து, கழிவு மேலாண்மை போன்றவற்றை வல்லுநர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். புளியங்கொட்டையை எண்ணி முடிவெடுப்பது சரியாகுமா?
— ஓய்வு பெற்ற பொறியாளர், சேலம்

பதில்: (இவருக்கு அந்த முறையை முன்பே ஒரு கடிதத்தில் விளக்கியிருந்தோம்.) உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. ஏரி நிரம்பியதும் உபரி நீர் வழியும் கலங்கின் மட்டத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை வாக்கெடுப்பால் தீர்மானிக்க முடியாது. அதைச் செய்தால் கரை உடையும். ஆனால் ஏரியின் வரத்துக் கால்வாயை மீட்பது, பழைய குப்பைக் கிடங்கை அகழ்ந்து தரம் பிரிப்பது, ஊர் எல்லையிலுள்ள தோப்பை வீட்டுமனையாகாமல் காப்பது ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே செலவு பிடிப்பவையாக இருந்து, இந்த ஆண்டு ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால், எதை முதலில் எடுப்பது என்பதற்கு எந்தப் பொறியியல் சூத்திரமும் பதில் தராது. ஒவ்வொன்றையும் செய்தால் என்ன நிகழும், செய்யாவிட்டால் என்ன நிகழும் என்று வல்லுநர் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்த இழப்பை இன்னும் ஓராண்டு தாங்கலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் அதைத் தாங்கப்போகிறவர்கள்.

பெரும்பான்மைக்கும் ஓர் எல்லை உண்டு. சென்னையின் தியாகராய நகர் 1920-களில் பழைய மாம்பலம் ஏரியை வற்றவைத்த நிலத்தில்தான் உருவானது. அன்று கேட்டிருந்தால் பலர் அதை ஆதரித்திருக்கவும் கூடும். இன்று அதற்கு இடமில்லை. குளங்களும் நீர்நிலைகளும் சமூகத்தின் பொதுவளம், அவற்றை வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்குவது தவறு என்று 2001-இல் ஒரு குளம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே குளத்தை மூடிப் பேருந்து நிலையம் கட்டலாமா என்பதைச் சபையில் வாக்குக்கு விடவே கூடாது. எந்தக் குளத்தை முதலில் மீட்பது என்பதை விடலாம்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலேயுள்ள நகரத்தின் கழிவுநீர் முழுதும் எங்கள் வயல்களுக்கு வருகிறது. அந்த நகரத்தின் கூட்டங்களுக்கு எங்களை எவரும் அழைப்பதில்லை. நாங்கள் அங்கே வாக்காளர்களும் அல்லர். எங்களுக்கு அதில் குரல் இருக்க வேண்டாமா?
— விவசாயி ஒருவர், ஈரோடு மாவட்டம்

பதில்: கட்டாயம் இருக்க வேண்டும். வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். குடியிருப்போரைக் கேட்கிறோம் என்று ஒரு நகரம் சொல்லும்போது, தன் எல்லைக்கோட்டுக்குள் இருப்பவர்களை மட்டுமே எண்ணிக்கொள்கிறது. தண்ணீரும் குப்பையும் அந்தக் கோட்டில் நிற்பதில்லை.

உங்கள் பகுதிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, 1990-களில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் இடமாகிப்போனது. பாசன நீரை எதிர்பார்த்த உழவர்களின் கிணறுகளே கெட்டன. அந்த அணையின் பாசன உழவர்களான ஆயக்கட்டுதாரர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திய பிறகு, சுத்திகரித்த பின்னும் கழிவை ஆற்றில் விடாத முறையைக் கடைப்பிடிக்காத சாய ஆலைகளை 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அதனால் பல்லாயிரம் தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலையின்றி நின்றார்கள். கீழ்மடை உழவர்களைத் தொடக்கத்திலேயே ஒரு மேசைக்கு அழைத்து, எதை முதலில் சரிசெய்வது என்று திருப்பூர் கேட்டிருந்தால், இரு பக்கமும் இவ்வளவு விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை.

கேரளத்தின் ஆலப்புழை இதற்கு மாறான அனுபவம். அந்நகரின் குப்பை, எல்லைக்கு வெளியே சர்வோதயபுரம் என்னும் இடத்தில் கொட்டப்பட்டு வந்தது. அங்குள்ள மக்கள் 2012-இல் லாரிகளை மறித்து நிறுத்தியதும், நகரின் தெருக்களிலும் கால்வாய்களிலும் குப்பை அழுகத் தொடங்கியது. வேறு இடம் தேடி ஓடாமல், வீட்டிலேயே மட்கவைப்பது என்ற முடிவுக்கு அந்நகரம் வந்தது. முதலில் 12 வார்டுகளில் தொடங்கி, மானியத்தில் உயிரி எரிவாயுக் கலன்களும் குழாய் உரக் கலன்களும் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டன. வீட்டில் இடமில்லாதவர்களுக்காகப் பொது இடங்களில் காற்றோட்டமான உரத் தொட்டிகள் அமைக்கப்பட்டன. ஐந்தே ஆண்டுகளில், 2017-இல், கழிவை நல்ல முறையில் கையாளும் உலக நகரங்களுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு ஆலப்புழையைச் சுட்டிக்காட்டியது. அந்நகரின் முதல் முன்னுரிமையை உண்மையில் வகுத்தவர்கள் அதன் வாக்காளர் பட்டியலில் இல்லாத சர்வோதயபுரத்து மக்கள்தான்.

நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் ஊராட்சியின் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் படிகளை அந்த நகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். நகராட்சி தன் பணிப் பட்டியலைப் பரிசீலிக்கும் கூட்டத்தில் கீழ்மடை ஊர்களின் சார்பில் ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஏரியைக் காப்பது என்றாலே கரையோரக் குடிசைகளை இடிப்பது என்றுதான் பொருளாகிறது. அந்தக் குடும்பங்களையும் ‘குடியிருப்போர்’ என்று கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா?
— கல்லூரி மாணவி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: அவர்களைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏரி நிரம்பினால் முதலில் நனைவது அவர்கள் வீடு. வற்றினால் முதலில் நாறுவதும் அங்கேதான். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அகற்ற வேண்டியதை அகற்றத்தான் வேண்டும். என் வருத்தமெல்லாம் அகற்றும் வரிசையைப் பற்றியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். அதன் பெரும்பகுதியை விழுங்கியவை பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் சாலைகளும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அரசின் சொந்தக் கட்டடங்களும்தான். எஞ்சிய பகுதி 2022-இல்தான் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. சென்னையின் ஆற்றங்கரைக் குடும்பங்களோ அந்தச் சதுப்பை ஒட்டியுள்ள பெரும்பாக்கத்துக்கு, பிழைப்பிடத்திலிருந்து வெகு தொலைவில், வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்துக்கே அனுப்பப்பட்டார்கள். ஓரிடத்து நீரோட்டத்தை விடுவிக்க, இன்னோரிடத்து நீரோட்டத்தின் மேல் ஏழைகளைக் குடியேற்றியதைச் சூழல் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் ஏரியில் முதலில் முழு அளவீடு நடக்கட்டும்: குடிசையும் மாளிகையும் மண்டபமும் அரசு அலுவலகமும் ஒரே பட்டியலில், எது எத்தனை அடி நீர்வழியை மறிக்கிறது என்ற குறிப்போடு வெளியாகட்டும். மறிப்பின் அளவே அகற்றும் வரிசையைத் தீர்மானிக்கட்டும். இடம்பெயர வேண்டிய குடும்பங்களுக்கு, பிள்ளைகளின் பள்ளியும் பெரியவர்களின் வேலையும் கைக்கெட்டும் தூரத்தில் மாற்று வீடு கொடுத்த பிறகே வேலை தொடங்கட்டும். அந்தப் பட்டியலைப் பகுதி சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் அந்தச் சபையின் வாக்காளர் பட்டியலில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அவர்களை அழைத்து உட்கார வைக்கும் பொறுப்பை உங்களைப் போன்ற மாணவர்கள் ஏற்கலாம்.

கேள்வி: எங்கள் நகராட்சியில் சுற்றுச்சூழல் நிதி முழுதும் மரக்கன்று நடுவதற்கும் ஏரிக்கரையில் நடைபாதை அமைப்பதற்கும் போகிறது. இது போதுமா?
— வாசகர், திருவண்ணாமலை

பதில்: போதாது. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பது எழுதப்படாத வரையில் நடுவிழா ஒரு செலவுதான். நடைபாதைக்காகக் கரையைச் சுற்றிலும் சிமெண்ட் பூசினால், கரையோரச் சேற்றில் இரை தேடும் பறவைகளுக்கு இடமில்லாமல் போகிறது. நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் கூட்டங்களுக்கும் வருகிறார்கள். ஆடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் வருவதில்லை. பட்டியலும் அதற்கேற்ப அமைந்துவிடுகிறது. ‘நமக்கு நாமே’ போன்று மக்கள் பங்குத் தொகை கோரும் திட்டங்களிலும் இந்த ஆபத்து உண்டு. பங்குத் தொகை கட்ட இயலும் தெருக்களின் விருப்பமே ஊரின் முன்னுரிமை ஆகிவிடாதபடி, கட்ட இயலாத பகுதிகளுக்கான பங்கை நகராட்சி வேறு வழியில் திரட்டித் தர வேண்டும்.

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்போர் சங்கம் ஏழு கோரிக்கைகளை வரிசைப்படுத்திக் கொடுத்தது. எதற்கும் பதிலே இல்லை. இனி யாரும் கூட்டத்துக்கு வரத் தயாராக இல்லை. என்ன செய்வது?
— சங்கச் செயலாளர், திருச்சிராப்பள்ளி மாவட்டம்

பதில்: மறுப்பைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது கடினம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு, ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்படுவோருக்கு அம்முடிவின் காரணங்களை அலுவலகம் தானாகவே தெரிவிக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஏழு கோரிக்கைகளில் ஒவ்வொன்றும் எந்தக் கோப்பில் எந்த நிலையில் உள்ளது, அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புகள் யாவை என்று கேட்டு, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு கொடுங்கள். முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும்.

கொடுத்த காலத்தையும் சரிபாருங்கள். உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டம் மார்ச்சுக்குள் மன்றத்தில் நிறைவேறிவிடும். ஏப்ரலில் கொடுக்கும் கோரிக்கை, எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அடுத்த ஆண்டுக்குத்தான் போகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களே இதற்கு உகந்தவை. எங்கே நீர் நிற்கிறது, எந்தக் குளம் நிரம்பவில்லை என்பதெல்லாம் அப்போது கண்ணெதிரே தெரியும். படம் எடுத்து, தேதியிட்டு, மனுவோடு இணைக்கலாம். அதன்பின் வரும் பகுதி சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, சனவரிக்குள் ஆணையரிடம் சேர்ப்பியுங்கள். ஏழு கோரிக்கைகளை இரண்டாகக் குறைத்து, மற்ற ஐந்தையும் ஏன் இந்த ஆண்டு தள்ளிவைத்தீர்கள் என்பதையும் அதே மனுவில் எழுதிக் கொடுங்கள். ஏற்றவை எவை, தள்ளியவை எவை, என்ன காரணத்தால் என்று ஒரு பக்க அறிக்கையை நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதையே உங்கள் முதல் கோரிக்கையாக வையுங்கள்.